நாற்பத்தெட்டு கிளிப்பும் ஒரு டபுள்பாஸும்

ஞாயிறு பகல் 12.40-க்குச் செங்கல்பட்டு ரயில் நிலைய வாசலிலிருந்து கிளம்பினோம். முன்னால் ஒரு மினி பஸ், பின்னால் ஒரு குட்டியானை சரக்கு வண்டி. பஸ்ஸில் இருபத்து மூன்று பேர், அவர்களுடைய வயலின், வயோலா, செல்லோக்கள், நான். குட்டியானையில் ஒரே ஒரு டபுள்பாஸ், வயலின் குடும்பத்திலேயே பெரிய வாத்தியம். ஆறடி உயரப் பெட்டியில் அது மல்லாந்து படுத்திருந்தது.

வார நாட்களில் நாவலூரில் மென்பொருள் சோதிப்பது என் வேலை. ஞாயிறுகளில் இந்த இளைஞர் இசைக்குழுவை முன்னால் நின்று கையசைத்து நடத்துகிறேன். பதினான்கிலிருந்து இருபது வயதுக்காரர்கள், பல ஆண்டுகள் பயின்றவர்கள். மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியின் திறந்த மேடையில் இன்று எங்கள் முதல் வெளியூர்க் கச்சேரி. தூரம் முப்பது கிலோமீட்டர். அதற்கு என் கைப்பேசிப் பட்டியலில் முப்பத்தாறு வரிகள். ஒன்பதாவது வரி: கடற்காற்று, துணி கிளிப். இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்டு பன்னிரண்டு, ஒன்றுக்கு நான்கு, ஆக நாற்பத்தெட்டு. டிக் செய்திருந்தேன்.

என் பக்கத்து இருக்கையில் ரிஸ்வானா. பதினேழு வயது. டபுள்பாஸ் அவளுடையது, குட்டியானை அவள் அப்பா காதர் பாயின் ஹார்டுவேர் கடையுடையது. அவரே ஓட்டி வந்தார். கொளவாய் ஏரியைத் தாண்டுவதற்குள் அவள் ஆறு முறை திரும்பிப் பார்த்தாள்.

"அத்தா ஸ்பீட் பிரேக்கர்ல ஸ்லோ பண்ணவே மாட்டாரு அக்கா. சிமெண்ட் மூட்டைனு நெனச்சுப்பாரு."

கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "இன்னிக்கும் அந்த எடத்துல தப்பு பண்ணா, செல்லோவுக்குக் குடுத்துடுங்க. நானே சொல்றேன்."

அந்த இடம் வருவது இன்றைய கடைசி இசையில், எங்களுக்கென்றே எழுதப்பட்ட பதினோரு நிமிடப் படைப்பு அது. எழுதிய இசையைச் சிறு அறைகளாகப் பிரித்திருப்பார்கள், அதைப் பார் என்போம். நூற்றுப் பதினோராவது பாரில் எல்லோரும் நிறுத்திவிட வேண்டும். முழு அமைதி. அடுத்த பாரில் டபுள்பாஸ் மட்டும் தனியாக நுழையும். கடந்த மூன்று ஒத்திகைகளிலும் ரிஸ்வானா ஒரு தட்டு முன்னதாகவே நுழைந்து அந்த அமைதியை உடைத்துவிட்டாள்.

"பாக்கலாம்" என்றேன். என் பட்டியலின் முப்பத்தாறாவது வரியும் அதுதான். தவறினால் செல்லோவுக்கு.

1.25. திருக்கழுக்குன்றத்தில் தேநீர், பதினைந்து ரூபாய். கடைக்காரர் கிளாஸை நீட்டியபடி குட்டியானையைப் பார்த்தார்.

"பொட்டில இன்னா கீது?"

முன்வரிசை வயலின்காரன் ஆண்டோ முகத்தை மாற்றாமல் சொன்னான். "மேடத்தோட பெரியப்பா, அண்ணாத்த. தூங்கினு கீறாரு."

"எழுப்பு, அவருக்கும் ஒரு டீ போட்டுர்றேன்" என்றார் கடைக்காரர், அவரும் முகம் மாறாமல்.

2.15-க்கு மாமல்லபுரம். மேடைக்குப் பின்னால் ஐம்பதடியில் கடல். குழு பார்வையாளர்களைப் பார்த்து உட்கார, நான் கடலைப் பார்த்து நிற்க வேண்டும். காற்று நேராக என் முகத்தில் அடித்தது. கிளிப்புகளை விநியோகித்தேன். நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பன்னிரண்டு ஸ்டாண்டுகளும் மொட்டைமாடிக் கொடி மாதிரி ஆயின. ஒன்றுகூட மிச்சமில்லை என்பதில் எனக்குத் திருப்தி.

5.30-க்கு ஆரம்பித்தோம். முதல் இரண்டும் எனக்கு மனப்பாடமான சின்ன உருப்படிகள், நன்றாகவே போயின. மூன்றாவது அந்தப் பதினோரு நிமிடம். தைக்காத பதினான்கு தாள்களை எடுத்து என் ஸ்டாண்டில் வைத்தேன். இரண்டாவது நிமிடத்தில் காற்று அவற்றை மொத்தமாக அள்ளிக்கொண்டு என் தலைக்கு மேலாகப் பார்வையாளர்கள் பக்கம் போனது. அப்போதுதான் கணக்கு புரிந்தது. வாசிப்பவர்களின் ஸ்டாண்டுகள் பன்னிரண்டு. நடத்துகிறவளின் ஸ்டாண்டு பதின்மூன்றாவது.

ஆண்டோவின் வில் ஓடிக்கொண்டிருந்தது, கண் சிரித்தது. நிறுத்த முடியாது. பார்க்கத் தாள் இல்லாததால் அவர்களைப் பார்த்தேன். வயோலாக்கள் நுழைவதற்கு முன் ஒன்றாக மூச்சு இழுப்பார்கள் என்பதை இரண்டு வருடத்தில் முதல்முறையாகக் கவனித்தேன். அவர்களோடு நானும் இழுத்தேன். வேகம் கூடியது, யாரும் தடுமாறவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கவில்லை.

நூற்றுப் பதினொன்று. எல்லோரும் நிறுத்தினார்கள். கடல் மட்டும் கேட்டது. ரிஸ்வானா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நானும் அவளையே. என் இடது கை சும்மா தொங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. வலது கையை இறக்கினேன். அந்தப் பெரிய வாத்தியம் சரியான தட்டில் பேசியது. மேடைப் பலகை வழியே அது என் பாதத்துக்கு வந்தது.

6.00. கைதட்டல் ஓய்ந்ததும் ஓடி வந்தாள். "இன்னிக்கு நீங்க கைய முன்னாடியே தூக்கல அக்கா."

"எந்தக் கைய?"

"லெஃப்ட். எப்பவும் அந்த எடத்துல தூக்குவீங்க. கூப்டுறீங்கனு வந்துடுவேன். அப்புறம் தப்புன்னு சொல்லுவீங்க. நான்தான் கவுண்ட்ட உட்டுட்டேன்னு நெனச்சுப்பேன்."

பதினோராவது தாள் நூற்றுப் பதினோராவது பாரில் முடிகிறது. மூன்று ஒத்திகையிலும் அங்கே நான் இடது கையால் தாளைத் திருப்பிக்கொண்டிருந்தேன், கண்ணும் தாளில். இதை நான் அவளிடம் சொல்லி முடித்தபோது காதர் பாயும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ மூணு வாரமா எம்பொண்ணு வூட்ல சோறு துன்னாம அழுதுகினு கெடந்தது, நீங்க பேப்பர் திருப்பனதுக்கா மேடம்?"

"ஆமாம் பாய். தப்பு என்னோடதுதான். சாரி ரிஸ்வானா."

அவர் டபுள்பாஸ் பெட்டியை எடுக்கக் குனிந்தார். "சரி, அதான் போச்சே பேப்பரு. நம்ம கடைல நல்ல இரும்பு கிளிப்பு கீது, வந்து வாங்கிக்கங்க. டிஸ்கவுண்ட் கெடையாது."

பார்வையாளர்கள் பதினொரு தாள்களைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். ஒன்றில் சுண்டல் எண்ணெய். மற்ற மூன்றைத் தேடவில்லை.

7.10-க்குத் திரும்பக் கிளம்பினோம். செங்கல்பட்டில் நாங்கள் ஒத்திகை பார்க்கும் கூடத்தில் தாள் பறக்கக் கூடாதென்று ஃபேனை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தி வைப்பேன். எல்லோரும் வியர்வையில் வாசிப்பார்கள். அடுத்த வாரம் முதல் வேலையாக ஜன்னல்களைத் திறக்க வேண்டும். பட்டியலில் முப்பத்தாறாவது வரியை அழித்துவிட்டு அந்த இடத்தில் இதை எழுதினேன்.

ரிஸ்வானா பின்னால் வரும் குட்டியானையில் அப்பாவின் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். இந்த முறை வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தது நான்தான்.