டீ சைரனுக்கு எழுந்து நின்றேன்

ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டலில் நான் சமைக்கிறேன். பகல் ஷிப்ட் முடிந்து பஸ் வந்து இறக்கிவிட்டால், பாதிப் பேர் பையைக்கூட வைக்காமல் நேராகச் சமையற்கட்டுக்கு வந்துவிடுவார்கள். சூப்பர்வைசர் கத்தியது, லைன் நின்றுபோனது, ஊரில் அம்மா போனை எடுக்காதது, எல்லாம் என் அடுப்புக்குப் பக்கத்தில்தான் கொட்டப்படும். நான் காது கொடுப்பேன், வாய் கொடுக்க மாட்டேன். நாலு பேர் என்னைப் பார்க்கிறார்கள் என்றால் எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் கல்யாணத்தில் மாலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அந்தக் காலத்தில் பெரிய கேலியாகப் பேசினார்கள்.

போன ஆயுத பூஜைக்குச் சில நாள் முன்னால், கம்பெனியில் பூஜையன்று பாட்டுக் கச்சேரி வைக்கிறார்கள், குடும்பத்தாரையும் உள்ளே விடுகிறார்கள் என்று பேச்சு வந்தது. எந்தக் கச்சேரிக்காரர்கள் என்று ஒருத்தி சொன்னதும் எனக்குக் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. நான் பாட்டுக் கச்சேரி என்பேன், பிள்ளைகள் பேண்டு என்கிறார்கள். நம் பக்கத்து ஆட்கள்தான். கோயில் திருவிழா, கல்யாணம், கடை திறப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் போய்ப் பாடுகிறவர்கள்.

தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பேச ஆரம்பித்தால் கையும் கூடவே பேசும். அவள் சப்பாத்திப் பலகையில் தாளம் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"எங்க ஊர்க் கோயில் கொடைக்கு இவங்கதான் வந்தாவ பெரிம்மா. நான் அப்ப ஒம்பதாப்பு படிச்சேன். மேடைக்கு முன்னால எடம் புடிக்கணும்னு சாயங்காலமே பாயப் போட்டுட்டோம். அதுல ஒரு அக்கா பாட ஆரம்பிச்சதும் எங்க அம்மை அழுதுட்டாவ. ஏன் அழுதீயன்னு கேட்டா, 'போ ட்டி, கண்ணுல பூச்சி'ங்காவ."

எல்லோரும் சிரித்தார்கள். மதுரைப் பக்கத்துப் பெண் மட்டும் வெங்காயத்தை வாயில் போட்டுக்கொண்டு கையை உதறினாள். எதையும் ஒரு குட்டு வைத்துத்தான் ஒத்துக்கொள்வாள் அவள்.

"அது அப்ப. இப்பப் போய்ப் பாரு. போன மாசம் நகைக்கடைத் தெறப்புல பாத்தேன்ல. அந்த அக்காவுக்குத் தொண்டையில ஆபரேசனாம். பாட்டு பெட்டியிலருந்து ஓடுது, இது சும்மா வாயத்தான் அசைக்கிது."

"ஏ, பொய் சொல்லாதட்டி!"

"மைக்க மூஞ்சியோட ஒட்டி வச்சிருக்கும்டி. ஏன்னு நெனைக்கிற? வாயி தெரியக் கூடாதுல்ல!"

கல்லில் கிடந்த சப்பாத்தி ஒரு பக்கம் கருகிப்போனது.

அந்தப் பாட்டுக்காரப் பெண்ணை நான் முதலில் பார்த்தது மணிமங்கலத்துக் கோயில் திருவிழாவில். அவளுக்கு அப்போது இருபது வயது இருந்தால் அதிகம். ஆண்கள் எல்லாரும் பளபளவென்று சட்டை போட்டுக்கொண்டு மேடையில் ஆடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். இவளைக் கூப்பிட்டதும் ஓரமாக வந்து நின்றாள். முந்தானை நுனியை இடது கை விரலில் சுற்றினாள். கூட்டத்தைப் பார்க்கவே இல்லை, தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயோ, இது நம்மைப்போல ஒன்றல்லவா, இதை ஏன் பிடித்து நிறுத்தினார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பாடினாள். தலை குனிந்தபடியேதான் பாடினாள். குரல் மட்டும் நிமிர்ந்து எங்கள் எல்லோருடைய தலைக்கும் மேலே போயிற்று.

மறுநாள் ரேஷன் கடையில் ஒருத்தி எனக்கு முன்னால் புகுந்து நின்றாள். என்றைக்கும் பேசாமல் நின்றுவிடுகிறவள், அன்றைக்கு, "நான் நிக்கிறேன்ல?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் நகர்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு சுவரில் அந்தக் கச்சேரி நோட்டீஸைக் கண்டால் விட மாட்டேன். படப்பை, ஸ்ரீபெரும்புதூர், செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஊர்கள் என்று போய்விடுவேன். எப்போதும் ஓரத்தில், ஸ்பீக்கர் மறைவில் நிற்பேன். கிட்டப் போனதில்லை, ஒரு வார்த்தை பேசினதில்லை. வீட்டில் கேட்டால் சாமி பார்க்க என்று சொல்வேன், அதுவும் பொய்யில்லை. வயதான காலத்தில் பாட்டுக்காரர்கள் பின்னால் சுற்றுகிறாள் என்று யாராவது சிரித்தால் தாங்காது. ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் இரண்டாவது தடவை சந்தேகம் கேட்பதற்கு முன்னாலும், இந்த ஹாஸ்டலில் வேலை கேட்டுப் படியேறியபோதும், அவள் முந்தானையை விரலில் சுற்றுவதை நினைத்துக்கொண்டுதான் போனேன். நானும் அப்படியே சுற்றிக்கொள்வேன்.

ஊரடங்கு போட்ட நோய்க்காலத்தில் திருவிழாக்கள் நின்றுபோயின. மறுபடி கச்சேரிகள் தொடங்கியபோது மேடையில் வேறொரு பெண் பாடினாள். தொண்டையில் கட்டி, ஆபரேஷன் என்று பக்கத்தில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். இனிமேல் பாடுவாளா என்று அவர்களிடம் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. இப்போது திரும்பி வந்திருக்கிறாள் என்கிறார்கள். வந்தும் வெறும் வாயைத்தான் அசைக்கிறாளா?

அந்த வாரம் முழுக்க எனக்கு இதே நினைப்பு. போகாமல் இருந்துவிட்டால் பழைய குரலாவது காதில் மிஞ்சும். போய்ப் பார்த்து, அது பெட்டிக்குள்ளிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால்? அவள் மேல் கோபம் வராது. ஆனால் அதற்கப்புறம் நான் எதை நினைத்துக்கொண்டு படியேறுவேன்?

தென்காசிப் பெண்ணின் அம்மாவால் வர முடியவில்லை. ஆடு ஈனப்போகிற நேரமாம். குடும்பத்தாருக்கான பாஸ் ஒன்று மிஞ்சியது.

"பெரிம்மா, நீங்க வாரீய."

"நானா? நான் எதுக்குடி? இன்னா சொல்லிகினு உள்ள வருவேன்?"

"எங்க பெரிம்மான்னு சொல்லிக்கினு வாங்க," என்று என் பேச்சையே எனக்குத் திருப்பிப் போட்டாள். மதுரைப் பெண் விடவில்லை. "வரட்டும், வரட்டும். பெரிம்மாவே ஜட்ஜா இருக்கட்டும். வாயி அசையிதா, பாட்டு வருதான்னு பாத்துச் சொல்லட்டும்."

பூஜையன்று கேட்டில் செக்யூரிட்டிக்காரர் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா உறவு?" என்றார். எனக்கு வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. தென்காசிப் பெண் முந்திக்கொண்டு, "எங்க பெரிம்மா," என்றாள். அவர் என் போனை வாங்கி, படம் எடுக்கிற கண்ணின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தார். கேட்டுக்கு முன்னால் உடைத்த பூசணிக்காய் கிடந்தது. உள்ளே கம்பெனி பஸ்களுக்கெல்லாம் வாழைக்கன்றும் சந்தனமும். தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும் என்று சொல்லி, என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், தான் நிற்கிற மிஷினைக் காட்டினாள். குங்குமம் வைத்து, மாலை போட்டு, அது பாட்டுக்கு அமைதியாக நின்றுகொண்டிருந்தது. "இதான் பெரிம்மா என்னைப் பாடாப் படுத்துத மாமியா," என்றாள்.

கேன்டீன் ஹாலில்தான் கச்சேரி. பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு மேடை கட்டியிருந்தார்கள். பொரி, கடலை, ஸ்வீட் டப்பா எல்லோர் மடியிலும். எனக்கு மறைந்து நிற்க ஸ்பீக்கர் ஓரம் கிடைக்கவில்லை. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து என்னை முன்வரிசைக்குப் பக்கத்தில் நடுவில் மாட்டிவைத்துவிட்டார்கள்.

முதலில் ஆண்கள் பாடினார்கள். விசிலும் ஆட்டமுமாக இருந்தது. பிறகு அவள் வந்தாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது, காதோரம் நரை. கழுத்தைச் சுற்றிப் பட்டையாக ஒரு பாசிமணி. அதற்கடியில் தழும்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மைக்கை எடுத்து வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். மதுரைப் பெண் என் விலாவில் இடித்தாள். "பாத்தீங்களா?"

பாட்டு வந்தது. மணிமங்கலத்தில் கேட்ட அதே பழைய படத்துப் பாட்டு. ஒரு பிசிறு இல்லை. கத்தி வைத்த தொண்டையிலிருந்து எப்படி இவ்வளவு சுத்தமாக வரும்? வாயைப் பார்க்கலாம் என்றால் மைக் மறைக்கிறது. கழுத்தைப் பார்த்தேன், பாசிமணி மறைக்கிறது. பாட்டு என் காதில் ஏறவே இல்லை. இது பெட்டிதான், மதுரைக்காரி சொன்னதுதான் சரி என்று மனசு தீர்ப்பு எழுதிவிட்டது. எழுந்து வெளியே போய்விடலாம் என்றால் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது சைரன் அடித்தது.

சாயங்கால டீக்கு அடிக்கிற சைரன். தானாக அடிக்கும்படி வைத்திருப்பார்கள் போல, பூஜை நாள் என்று யாரும் அதை அணைக்கவில்லை. அடித்த உடனே ஹால் முழுக்க பெஞ்சுகள் கறகறவென்று நகர்ந்தன. பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். சிலர் டீ வாங்குகிற பக்கம் இரண்டடி நடந்தே விட்டார்கள். ஒரு சூப்பர்வைசர் பையில் கையை விட்டு டம்ளரைத் தேடுகிறார். மேடைக்கு முன்னால் சோபாவில் இருந்த பெரிய ஆபீஸரும் எழுந்துவிட்டார்.

மேடையில் பாட்டு அப்படியே அறுந்தது. கீபோர்டு மட்டும் கொஞ்ச தூரம் தனியாக ஓடி நின்றது. ஸ்பீக்கரில் ஒரு சிரிப்பு கேட்டது. பெட்டிக்குள் எந்தப் பாட்டிலும் இருக்க முடியாத சிரிப்பு, நடுவில் ஒரு இருமலோடு.

"இன்னா, எல்லாரும் எழுந்துட்டீங்க? அவ்ளோ மோசமாவா பாடிக்கினு இருக்கேன்?"

ஹாலே அதிர்ந்தது. அசட்டுச் சிரிப்போடு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். "நாய் மாதிரி பழக்கிட்டானுங்க மச்சான்," என்று பின்னாலிருந்து ஒரு பையன் கத்தினான். பெரிய ஆபீஸரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

நான் உட்காரவில்லை. நானும் எழுந்து நின்றிருந்தேன், அது எனக்கே தெரியவில்லை. எங்கள் ஹாஸ்டல் கம்பெனி மதிலுக்குப் பின்னால்தான். அந்தச் சைரன் காதில் விழுந்தால் ராத்திரிச் சோற்றுக்கு உலை வைக்கிற நேரம். கால் தானாக எழுந்துவிட்டது. எழுந்த பிறகு, அந்த இருமலைக் கேட்ட பிறகு, உட்கார வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. அவள்தான் பாடிக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரமும் அவளேதான்.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.

"யம்மா, உங்களுக்கும் டீயா?"

முழு ஹாலும் என் பக்கம் திரும்பியது. தென்காசிப் பெண் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். என் கை முந்தானை நுனியைத் தேடிச் சுற்றிக்கொண்டது. வாய் தானாகத் திறந்தது.

"இல்லம்மா. உல வெக்கற நேரம். அந்த நெனப்புல எழுந்துட்டேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீ பாடும்மா," என்றும் சொன்னேன். "உன் கொரல் கேக்கத்தான் வந்தேன்."

அவள் சிரிப்பு அடங்கிவிட்டது. என் கையைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அவள் இடது கையிலும் முந்தானை சுற்றியிருந்தது.

"நானும் வூட்டுக்குப் போய் உல வெக்கணும்மா," என்றாள். "இத ஒண்ணு முடிச்சிட்டு ரெண்டு பேரும் போலாம். உக்காருங்க. ஆமா, நான் எங்க வுட்டேன்?"

தென்காசிப் பெண் குரல் கொடுத்து, விட்ட அடியை எடுத்துக்கொடுத்தாள். பாட்டுக்காரப் பெண் அங்கிருந்தே தொடங்கினாள். முதல் வார்த்தை கொஞ்சம் உடைந்து, பிறகு சேர்ந்துகொண்டது. அடியில் ஒரு கரகரப்பு இருந்தது. பழைய உயரத்துக்குப் போகாமல் ஒரு படி இறங்கித்தான் பாடினாள். முதலிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். சந்தேகத்தோடு கேட்ட காதுக்கு அது பிடிபடவில்லை. இப்போது ஒவ்வொரு வார்த்தையும் அவள் தொண்டையைத் தாண்டி வருவது எனக்குக் கேட்டது. நெஞ்சில் ஒரு வாரமாகக் கிடந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. பொரி டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தேன். அதுவரை திறக்கவே இல்லை.

மதுரைப் பெண் என் டப்பாவிலிருந்தும் எடுத்துக்கொண்டாள். "சரி, சரி," என்றாள். "நகைக்கடையில வேற மாதிரி இருந்துச்சு. அங்கிட்டு ஸ்பீக்கர் சரியில்ல போல."

"தோத்துட்டேன்னு சொல்லேன்ட்டி!"

"ஸ்பீக்கருன்னு சொன்னேன்ல!"

ஹாஸ்டலுக்கு வந்ததும் உலை வைத்தேன். அன்றைக்குச் சாப்பாடு நேரம் கழித்துத்தான். கம்பெனிக்கு வராத பிள்ளைகள் எல்லாம் சமையற்கட்டில் கூடிவிட்டார்கள். தென்காசிப் பெண் கரண்டியை மைக்காகப் பிடித்து சைரன் அடித்ததை நடித்துக் காட்டினாள். மதுரைப் பெண் டம்ளர் தேடிய சூப்பர்வைசராக ஆனாள். பிறகு இருவருமாக என்னைப்போல் எழுந்து நின்று முந்தானை சுற்றினார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த இடத்தை விட்டு ஓட வேண்டும் என்று தோன்றவில்லை.

சிரித்து ஓய்ந்த பிறகு, வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி கேட்டாள். "ஏன் பெரிம்மா, இவ்ளோ நாளா நீ ஒண்ணுமே சொல்லலையே. அந்த அக்காவ முன்னாடியே பாத்திருக்கியா நீ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மணிமங்கலத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.