ஒரு பாதம் அகல இடைவெளி

எனக்குப் பேய், பிசாசு எதிலும் நம்பிக்கை கிடையாது. இப்போதும் கிடையாது. ஆனாலும் நான் சொல்லப்போவதைக் கேட்டு, மரக்காணத்துக்காரன் இங்கிலாந்து வரை போய்ச் சட்டம் படித்தும் திருந்தவில்லை என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். இதற்கு விளக்கம் தேடித் தேடி எனக்கு அலுத்துவிட்டது, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

2004இல் உதவித்தொகை கிடைத்து அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். அந்த டிசம்பரில்தான் சுனாமி. ஞாயிற்றுக்கிழமை காலை எக்கியார்குப்பத்துக்கு மீன் வாங்கப் போன சேகர் அண்ணன் திரும்பி வரவில்லை. பெரியப்பா மகன் அவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். மறுநாள் அப்பா போய், உடலின் காலைப் பார்த்துத்தான் அடையாளம் சொன்னார். சின்ன வயதில் மோட்டார் பெல்ட்டில் மாட்டி அவருக்கு வலது காலில் சுண்டுவிரல் கிடையாது. எனக்கு ஜனவரியில் தேர்வு இருந்தது. நான் வரவில்லை.

எங்களுக்குக் குத்தகையில் பத்து உப்புப் பாத்தி. உப்புத் தண்ணீர் விடுவதற்கு முன்னால் பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை ஒட்டிக் குதிகால் வைத்து மிதிப்போம். ஒரு வரிசை அவர் கால், பக்கத்து வரிசை என் கால். சேகர் அண்ணன்தான் எப்போதும் என் ஜோடி, எப்போதும் இடது பக்கம். இங்கிலாந்துக்குப் போகிற வருடம் தை மாதம் மட்டும், நான் ஆங்கிலத் தேர்வு எழுதச் சென்னைக்குப் போய்விட்டதால், பத்துப் பாத்தியையும் தனியாகவே மிதித்தார்.

"போடா லாயரு, உன் காலுக்கும் சேத்து நானே மிதிக்கிறேன். நீ போய் கோட்டு மாட்டிக்கினு இங்கிலீஷ் பேசு" என்றார்.

கோட்டு மாட்டிய லட்சணம் எப்படி என்றால், முதல் வருடமே ஒப்பந்தச் சட்டத்தில் தோற்றேன். செப்டம்பரில் மறுதேர்வு. அதிலும் போனால் உதவித்தொகை போய்விடும், விசா போய்விடும், மூட்டை கட்ட வேண்டியதுதான். 2005 ஜூலையில் ஊருக்கு வந்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு தினமும் உப்பளத்து மோட்டார் கொட்டகையில் போய் உட்கார்ந்தேன். பத்து மணிக்கு மேல் வெயிலுக்குப் பயந்து ஒரு ஆள் இருக்கமாட்டான். சத்தம் போட்டுப் படிக்கலாம்.

ஒருநாள் சாயங்காலம் மழை கொட்டி உப்பெல்லாம் கரைந்து, தரை தளர்ந்துவிட்டது. அப்பா தண்ணீரை வடித்துவிட்டு இரண்டு நாள் காயவிட்டார். பிறகு கூலி ஆட்களோடு காலையில் ஒன்பது பாத்தியை மிதித்து முடித்தார். "கடைசிப் பாத்திய சாயங்காலம் பாத்துக்கலாம், நீ படி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பாத்தி நன்றாக இழைத்து விட்ட தரை, ஒரு காக்கைக் கால்கூட இல்லை, நானே பார்த்தேன்.

அன்றைக்கு நான் உருப்போட்டது ஒரே ஒரு விதி. ஒருவன் வாக்குக் கொடுத்தால், பதிலுக்கு மற்றவன் ஏதாவது தரவேண்டும், அப்போதுதான் அந்த வாக்கு கட்டுப்படுத்தும். முன்பே செய்து முடித்த உதவி கணக்கில் வராது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. ஈரக் களிமண்ணில் குதிகால் அழுந்தி எழும் சத்தம். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம், தப்பாகக் கேட்க வழியே இல்லை. எழுந்து பார்த்தால் நட்ட நடுப்பகல், சுற்றிலும் வெள்ளை வெயில், ஆள் இல்லை. உட்கார்ந்தால் திரும்பவும் சத்தம்.

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. தூக்கம் இல்லை, தலைவலி, இன்னும் பாதிப் புத்தகம் பாக்கி. புத்தகத்தை வீசிவிட்டுக் கத்தினேன்.

"அண்ணா, தை மாசம் வந்து உன்கூட மிதிக்கிறேன், போதுமா? இப்ப என்ன படிக்க விடு!"

சத்தம் நின்றது. அப்படியே நின்றது. அதன் பிறகு ஊரில் இருந்தவரை கேட்கவே இல்லை.

சாயங்காலம் வந்த அப்பா கடைசிப் பாத்தியைப் பார்த்துவிட்டு, "யார்டா இது, ஜோடி இல்லாம மிதிச்சது?" என்றார். முழுப் பாத்தியிலும் ஒரு வரிசை கால், பக்கத்தில் ஒரு பாதம் அகலத்துக்கு வெற்றிடம், திரும்பவும் ஒரு வரிசை கால். வலது காலில் நான்கு விரல். அப்பா குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இறங்கி அந்த வெற்றிடத்தை எல்லாம் தானே மிதித்தார்.

செப்டம்பரில் பாஸ் செய்தேன், தொட்டுக்கொண்டு போன பாஸ். தை மாதம் வந்தது, பாத்தி மிதிக்கும் அதே வாரத்தில் இரண்டாம் வருடத் தேர்வும் வந்தது. நான் போகவில்லை. செத்தவனுக்குக் கொடுத்த வாக்கு எந்தச் சட்டத்தில் செல்லும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நான் கேட்டதை அவர் கொடுத்துவிட்டார், படிக்க விட்டார். பதிலுக்குப் பதில் சரியாக இருந்தது, அது எனக்குத் தெரியும்.

அந்த வாரம் ஒருநாள் காலையில், தேர்வுக்குக் கிளம்பும்போது அப்பா பூத்திலிருந்து போன் செய்தார்.

"டேய், எப்படா வந்த? வீட்டுக்கு வராம நேரா அளத்துக்குப் போயிருக்கிற?"

"யாருப்பா வந்தது? நான் இங்க இருக்கிறேன்."

"ஷூ போட்டுக்கினு யாருடா பாத்தி மிதிப்பான்? அறிவிருக்குதா உனக்கு? கடைசிப் பாத்தி பூரா... பூரா இல்ல, பாதி. சேகரு காலு ஒரு வரிச, பக்கத்துல ஷூ காலு ஒரு வரிச. இடது ஷூ அடியில குறுக்கால வெடிச்சிருக்குதுடா."

அந்த ஷூவை நான் அக்டோபரில் இங்கிலாந்தில் பழைய சாமான் கடையில் வாங்கினேன். வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. இடது அடியில் குறுக்கே வெடிப்பு. அப்போது அது என் காலில் இருந்தது.

"நீ அங்கதான இருக்கிற?" என்றார் அப்பா.

மிச்சப் பாதியை அப்பா மிதிக்கவில்லை. யாரையும் மிதிக்க விடவும் இல்லை. படிப்பை முடித்தேன், இங்கிலாந்திலேயே வேலையும் கிடைத்தது, தை மாதத்தில் ஊருக்குப் போவதே இல்லை. இன்றைக்கும் போனை எடுத்ததும் அப்பா முதலில் கேட்பது அதே கேள்விதான். ஆமாம் என்று சொல்வதற்கு முன்னால், நான் ஒருமுறை குனிந்து என் காலைப் பார்த்துக்கொள்கிறேன்.