கருவிப்பெட்டி மேல் தெமுகிசா

"தம்பி, கையை மடியில வை," என்றாள் தெமுகிசா, மூன்றாவது முறையாக. சொல்லிவிட்டு, தான் உட்கார்ந்திருந்த கருவிப்பெட்டியின் மேல் இன்னும் கொஞ்சம் அகலமாக உட்கார்ந்துகொண்டாள். பெட்டி முனகியது.

நியூசிலாந்துக்காரன் கிரெய்க் கையை மடியில் வைத்துக்கொண்டான். மூன்று மாதம் பாடுபட்டு அவன் நிறுவிய எந்திரம், கடல்நீரின் உப்பை நீக்கிக் குடிநீர் ஆக்குவது, இப்போது துண்டு துண்டாகப் பாயில் கிடந்தது. பிரித்துப் போட்டவள் தீவுப் பெண் லொசலினி. திரும்பப் பூட்ட வேண்டியவளும் அவள்தான். ஸ்பானர் அவள் கையில் இருந்தது.

தெமுகிசாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. துவாலு என்ற தீவு நாட்டின் வெளித்தீவு ஒன்றில், திட்டங்கள் என்று எது வந்து இறங்கினாலும் தீவுச் சபைக்காக அதைப் பார்த்துக்கொள்பவள். எந்திரத்தோடு ஒரு நிபுணர் வருவார். விருந்து சாப்பிட்டு, மாலை போட்டுக்கொண்டு கப்பல் ஏறுவார். மறுமாதம் எந்திரம் படுத்துவிடும். இப்படி நாலு தடவை பார்த்தபிறகு அவளாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். நிபுணர் வேடிக்கை பார்க்க, தீவுக்காரர் ஒருவர் எந்திரத்தைப் பிரித்து மாட்டி ஓட்டிக் காட்ட வேண்டும். அதுவரை மாலையைக் கட்டிக்கொண்டே இருப்பாள். கடைசி முடிச்சைப் போடமாட்டாள்.

அவளே பதினேழு பயிற்சிகளுக்குப் போனவள். சான்றிதழ்களில் ஒன்று இப்போதும் விசிறியாக அவள் கையில் ஆடிக்கொண்டிருந்தது. "நல்ல கெட்டி அட்டை. சுவாவில குடுத்தது. காத்து பிரமாதமா வரும்."

ஆள் எடுக்கும்போது அவள் படிப்பைக் கேட்பதில்லை. "கப்பல்ல வாந்தி எடுப்பியா?" என்றுதான் கேட்பாள். முதலில் பயிற்சிக்கு அனுப்பிய பெனியேலி இன்று ஆக்லாந்தில் மாடி வீடுகளுக்குக் குழாய் போடுகிறான். அடுத்தவன் சுவாவில் கல்யாணமே செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டான். லொசலினியோ கப்பல் பவளத்திட்டைத் தாண்டுவதற்குள் சுருண்டு விழுபவள். தலைநகரில் நடந்த கல்யாண விருந்தில், கப்பல் மயக்கம் தீராமல் இரண்டு நாள் வெறும் இளநீரோடு கிடந்தவள். அதைக் கேட்டதும் தெமுகிசா, "தங்கம்டி நீ" என்று கட்டிக்கொண்டாள்.

நாலு மணிக்குக் கப்பல். அதற்குள் தண்ணீர் வராவிட்டால் எந்திரமும் கிரெய்க்கோடு போய்விடும். ஓட்ட ஆளில்லாத தீவில் விட்டுவைக்க வேண்டாம் என்று தலைநகரிலிருந்து கடிதம் வந்திருந்தது. மழை பெய்து ஒன்பது வாரம். பள்ளிக்கூடத் தொட்டியில் முழங்கால் அளவுதான் மிச்சம்.

லொசலினி கடைசி மரையை முடுக்கி விசையைத் தட்டினாள். எந்திரம் உறுமியது. தண்ணீர் வரவில்லை.

கிரெய்க் பாதி எழுந்துவிட்டான்.

"உக்காரு."

"அக்கா, ஒரே நிமிஷம். நான் சும்மா..."

"நீ போனப்புறம் யாருகிட்ட அந்த ஒரு நிமிஷத்தைக் கேக்கிறது?"

வாசலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "லொசலினி, உனக்கு வர்ற வாந்தி அதுக்கு வரலையாம்" என்றாள் ஒருத்தி.

"வர வைக்கிறேன், இரு," என்றாள் லொசலினி. விசையை அணைத்தாள். பம்பின் தலையில் இருந்த சின்னத் திருகைத் தளர்த்தினாள். உள்ளே சிக்கியிருந்த காற்று புஸ்ஸென்று வெளியேறியது. இறுக்கிவிட்டு மறுபடி தட்டினாள். குழாய் இரண்டு முறை இருமி, பிறகு சீராக ஊற்றியது. முதல் வாளி உப்புநீரை மண்ணில் போகவிட்டு, அடுத்ததில் ஒரு கோப்பை பிடித்துக் குடித்தவள் முகத்தைச் சுளித்தாள்.

தெமுகிசாவின் விசிறி நின்றது.

"சப்புன்னு இருக்கு அக்கா. கொஞ்சம் கள்ளு ஊத்தணும்."

கூட்டம் கைதட்டிப் பாட ஆரம்பித்துவிட்டது. தெமுகிசா எழுந்து, லொசலினியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பெட்டிச் சாவியை அவள் கழுத்தில் மாட்டினாள். மாலைக்கு முடிச்சுப் போட்டு, நாரைப் பல்லால் கடித்து, கிரெய்க்கின் தலை வழியாக இறக்கினாள்.

நெகிழ்ந்துபோன கிரெய்க் பையைத் துழாவி ஒரு மாத்திரை அட்டையை எடுத்து லொசலினியிடம் நீட்டினான். "கப்பல்ல இதைப் போட்டுக்கிட்டா வாந்தியே வராது. வெலிங்டன்ல மேல்பயிற்சி இருக்கு. உங்க பேரை எழுதிக் குடுக்கிறேன்."

லொசலினி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாட்டு கொஞ்சம் அடங்கியது.

"பத்திரமா பெட்டியில வை," என்றாள் தெமுகிசா.

லொசலினி சிரித்தாள். பெட்டியைத் திறந்து, ஸ்பானருக்கு அடியில் அட்டையை வைத்துப் பூட்டினாள். சாவியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டாள்.

தெமுகிசா பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, பெட்டியின் மேல் மறுபடி அகலமாக உட்கார்ந்தாள்.