இருதயமேரி டீச்சரின் கொண்டையும் துபாய்ச் சீப்பும்

பாலக்கரையில் இருதயமேரி டீச்சரின் முடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வார்கள். அது இருந்தது அவள் தலையில்தான் என்றாலும், தெரு அதைப் பொதுச் சொத்தாகவே பாவித்தது. சடை போட்டால் தேர்வடம். கொண்டை போட்டால், பஸ்ஸில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தவர் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிடுவார். அதற்குள் போன ஹேர்பின்கள் எல்லாம் திரும்பி வந்ததில்லை.

அந்த முடிக்கு ஒரே குறை, காயாது. சாம்பிராணி போட்டு, துண்டால் தட்டி, வெயிலில் விரித்து உட்கார்ந்தாலும், மறுநாள் உள்ளே விரல் விட்டால் ஈரம். ஈரத்தால் சளி, சளியால் தொண்டைக்கட்டு. அவளோ கோயில் பாடகர் குழுவின் முதல் குரல். தலைக்குக் குளிக்காமல் பங்குத் திருவிழாவுக்குப் போகக்கூடாது என்பதை அவள் அம்மா அற்புதம்மாள் பத்துக் கட்டளைகளில் எழுத விட்டுப்போன ஒன்றாகக் கருதினாள். ஆகவே வருடா வருடம் தனிப்பாட்டின் முதல் வரியிலேயே டீச்சரின் குரல் கரகரத்து நிற்கும். இரண்டாவது வரியைப் பின்னால் நிற்கும் சகாயம்மாள் எடுத்துக்கொள்வாள்.

எண்பத்து மூன்றாம் வருடத் திருவிழாவுக்கு முன்பு பாட்டு மாஸ்டர் அமிர்தராஜ் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் தொண்டை கட்டுச்சுன்னா, தனிப்பாட்டை நிரந்தரமா சகாயம்மாகிட்டயே குடுத்துடறேன் டீச்சர். கோவிச்சுக்காதீங்க."

"கோவம் எதுக்கு மாஸ்டர்" என்று சொல்லி வீட்டுக்கு வந்த டீச்சர், அன்றைய ரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டாள்.

பக்கத்து வீட்டு சாரா பீவிக்கு மனசு கேட்கவில்லை. கணவர் தாஜுதீன் துபாயிலிருந்து கொண்டுவந்த மின்சாரச் சீப்பை எடுத்து வந்தாள். கைப்பிடி, அதன் மேல் உருளை, உருளை முழுக்கப் பற்கள், பற்களுக்கு நடுவே அனல் காற்று.

"இதுல சுத்திப் புடிச்சா அஞ்சு நிமிசத்துல காஞ்சிரும் புள்ள. முனையில ஒரு திருகு இருக்கு பாரு, அதைத் திருகினா பல்லெல்லாம் உள்ள போயிரும், சீப்பு வழுக்கிட்டு வந்துரும்."

சாரா பீவியின் சடை சுண்டுவிரல் பருமன் என்பதை அப்போது யாரும் கவனத்தில் கொள்ளவில்லை.

கருவியை நம்பி, திருவிழா அன்று மத்தியானம்தான் டீச்சர் தலைக்குக் குளித்தாள். சுவிட்சைப் போடும் முன் அற்புதம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு குறுக்கே வந்தாள். "பரட்டைத் தலையோட கோயிலுக்குப் போக இது என்ன எழவு வீடா?" என்று உச்சியில் தாராளமாகத் தேங்காய் எண்ணெயை வைத்து அழுத்தினாள். அதன் மேல் துபாய்க் காற்று அடித்தது.

"அற்புதம், முறுக்கா, அதிரசமா?" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது.

மணம் எப்படியோ, முடி காய்ந்தது. வரலாற்றில் முதல் தடவை. அந்த வெற்றியில் டீச்சர் சற்றே நிதானம் இழந்தாள். இதுவரை கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றியவள், பிடரியில் மிச்சமிருந்த முடி மொத்தத்தையும் ஒரே சுற்றாகச் சுற்றிவிட்டாள். சீப்பு உள்ளே போயிற்று. பற்களை மடக்கும் திருகும் கூடவே போயிற்று. இழுத்தார்கள். டீச்சர்தான் வந்தாள், சீப்பு வரவில்லை.

"கத்தரிக்கோல் எடுக்கட்டுமா?" என்றாள் அற்புதம்மாள்.

"வேணாம்மா. மச்சான் இன்னொரு சீப்பு வாங்கியாருவாரு. இந்த முடிய எங்க போயி வாங்குறது? சீப்ப வேணா ஒடைச்சுருவோம்" என்றாள் சாரா பீவி.

அதற்கும் நேரமில்லை, கோயில் மணி அடித்துவிட்டது. டீச்சர் பிளக்கைப் பிடுங்கி, சீப்பை உள்ளே வைத்தே கொண்டையை முடித்தாள். ஒயரை முதுகுவழியே இறக்கி, பிளக்கை இடுப்பில் செருகி, முந்தானையை முக்காடிட்டுப் புறப்பட்டாள். வழியில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கொண்டை எப்போதும் அந்த அளவுதான்.

பாட்டு தொடங்கியது. முதல் வரி மணியாக விழுந்தது. இரண்டாவது வரிக்குத் தயாராக வாயைத் திறந்த சகாயம்மாள் மூடிக்கொண்டாள். மேல் ஸ்தாயிக்கு டீச்சர் மூச்சை இழுத்தபோதுதான் இடுப்பிலிருந்த பிளக் நழுவி, முந்தானைக்குக் கீழே தூபக்கலசம் போல ஆடத் தொடங்கியது. தரையில் தட்டினால் சத்தம் கேட்கும், கோயிலே திரும்பும், பாட்டும் நிற்கும்.

டீச்சருக்கு அது தெரிந்தது. ஆனால் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருந்த கைகளை எடுக்க முடியவில்லை. குரல் லேசாக நடுங்கியது. அப்போது பின்னாலிருந்து ஒரு கை பிளக்கைப் பற்றியது. தனக்கு வரவேண்டிய பாட்டு முடியும்வரை சகாயம்மாள் அதை விடவில்லை.

"இத்தனை நாளா வராத குரல் இப்ப எங்கேருந்து வருதுன்னு பார்த்தேன்" என்று உட்காரும்போது காதில் சொன்னாள். "கரண்டுல ஓடுதா?"

"சிரிக்க வைக்காதடி, கொண்டை அவுந்துரும்."

பூசை முடிந்ததும் வீட்டுக்கு வந்து, தன் மெலிந்த விரல்களை உள்ளே விட்டுத் திருகைக் கண்டுபிடித்தவளும் சகாயம்மாள்தான். சீப்போடு, பல வருடங்களாகக் காணாமல் போயிருந்த ஹேர்பின்கள் சிலவும் கரையேறின.

தான் சொல்லிக்கொடுத்த சுக்குக் கஷாயத்தால்தான் குரல் தெளிந்தது என்று அமிர்தராஜ் மாஸ்டர் கடைசிவரை நம்பினார். தனிப்பாட்டு டீச்சரிடமே இருந்துவிட்டது. அடுத்தடுத்த திருவிழாக்களிலும் சகாயம்மாள் அதே இடத்தில்தான் நின்றாள். வாயைத் திறந்து காத்திருப்பதில்லை. பாட்டு மேலே ஏறும்போது மட்டும், பழக்கதோஷத்தால், டீச்சரின் இடுப்பை ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள்.