வரகுப் புல்லும் விழுந்த மாடுகளும்

மாட்டு வைத்தியத்தில் நோயாளி பொய் சொல்லாது; கூட வருகிறவன்தான் சொல்லுவான். கிழக்கிலங்கையில் கல்முனைப் பக்கம் இருபது வருடம் ஊசிப் பெட்டியோடு அலைந்தவன் நான். உத்தியோகத்தில் டொக்டருக்கு உதவியாள். தொண்ணூறுகளில் டொக்டர்மார் எங்கள் பக்கம் நிலைக்கவில்லை. சனம் என்னையே டொக்டர் காக்கா ஆக்கிவிட்டது; காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். மாடு வைத்துப் பட்ட உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இராது. இருந்தாலும் கேளுங்கள்.

கை கழுவினது

மீராலெப்பை சைக்கிளில் வந்தான். அவனுக்குப் பதினொரு மாடு. அதுதான் குடும்பத்துக்குச் சோறு. ஒன்று வயலில் விழுந்து நடுங்குகிறதாம். அறுவடை முடிந்து மாடுகளை வயலுக்குள் விட்டிருந்த காலம்.

போனேன். பசு சும்மா நின்றது. கிட்டப் போனதும் தலை ஆடியது, கால் விறைத்தது, சரிந்தது. விலகினால் கொஞ்ச நேரத்தில் எழும்பியது. தொண்டையில் ஏதும் சிக்கியதோ என்று வாய்க்குள் கைவிட்டுத் தடவினேன். கையை எடுத்த பிறகுதான் விசர் நாய் கடித்தால் வருகிற விசர் நோய் ஞாபகம் வந்தது. விரலில் வெட்டுக்காயம் வேறு. வாய்க்காலில் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். மறுகா ஒருதரமும் கழுவினேன். மாட்டுக்குப் பயமில்லை என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. மீராலெப்பை பார்த்துக்கொண்டே நின்றான்.

"பயமில்ல எண்டு செல்றீங்க. மறுகா என்னத்துக்கு டொக்டர் காக்கா கைத்தோல உரிக்கீங்க?"

கடதாசி

அடுத்த நாள் நாலு மாடு விழுந்தன. ஒரு கன்று வாய்க்காலுக்குள் விழுந்து செத்தது. விசர் ஒரே நாளில் நாலுக்கு வராது. என் கைப்பயம் போய்விட்டது; அதைவிடப் பெரியது வந்தது.

வயலுக்கு இங்கால் எங்கள் முஸ்லிம் ஊர், அங்கால் தமிழ் ஊர். எல்லை வரம்பு கந்தையா என்பவருடையது. அவர் போன கிழமை அந்த வரம்பில் களைக்கு எண்ணெய், களைகொல்லி மருந்துதான், அடித்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். சண்டை நடந்த அந்த நாட்களில் பின்னேரத் தொழுகை அஸருக்குப் பிறகு இந்த ஊரார் அங்கே போவதில்லை, அந்த ஊரார் இங்கே வருவதில்லை. தேத்தண்ணிக் கடையில் இளந்தாரிகள் கூடினார்கள். மாட்டுக்கு நஞ்சு வைத்திருக்கிறது என்று நான் ஒரு கடதாசியில் எழுதி ஒப்பம் வைத்துத் தர வேண்டுமாம். தந்தால் அன்றைக்கே கந்தையா வீட்டுக்குப் போவார்கள். அடுத்த நாள் அங்கிருந்து இங்கே வருவார்கள். பேனை கொண்டுவரவில்லை என்றேன். பேனை என் சட்டைப் பையில் எல்லாருக்கும் தெரிய நின்றது. வயலைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று எழும்பினேன். ஒருவன் மெதுவாகச் சொன்னான்.

"நாளைக்கு மத்தியானம் லுஹர் வரைக்கும் பாப்பம். அதுக்குப் பொறகு ஒங்கட கடதாசி தேவல்ல."

மண்வெட்டி

விடியத் தனியாகப் போனேன். கந்தையா தன் வயல் குடிசை வாடிக்குப் பின்னால் மண்வெட்டியோடு நின்றார். எனக்குப் பின்னால் ஆள் வருகிறதா என்று அவர் பார்த்தார். வாடிக்குள் ஆள் இருக்கிறதா என்று நான் பார்த்தேன். அவர்தான் முதலில் மண்வெட்டியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: அவருடைய இரண்டு மாடும் விழுகிறதாம். எங்கள் ஆட்கள்தான் நஞ்சு வைத்ததென்று நினைத்தாராம். சொன்னால் அவருடைய ஊர் இளந்தாரிகள் கிளம்பிவிடுவார்கள் என்று மாட்டைக் கொட்டிலுக்குள் மறைத்து வைத்திருந்தார்.

எண்ணெய் அடித்த வரம்பில் புல்லே இல்லை. மாடு தின்ன ஒன்றுமில்லை. அடிக்காத வரம்புகளில் வரகுப் புல் கதிர் தள்ளி நின்றது. பிடித்துப் பார்த்தேன். கை பிசுபிசுத்தது. விதை இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த மணிகள். பயிற்சிக் காலத்தில் படித்தது அப்போதுதான் எழும்பி வந்தது. கதிரில் ஒரு பூஞ்சணம் குடியேறும். புல் அதற்குச் சோறு போடும்; அது நஞ்சு சமைத்து வைக்கும். தின்ற மாடு வெருண்டால் விழும். ஒருதரம் பட்ட மாடு அந்தக் கதிரில் வாய் வைக்க யோசிக்கும். பூஞ்சணத்துக்குக் கொஞ்ச விதை போனாலும் புல்லுக்கு மிச்சம் தப்பும். இதைச் சொன்னேன். கந்தையா ஒரு மணியை நகத்தால் நசித்தார்.

"புல்லுக்குக் காவலுக்கு ஆள் இருக்கு, டொக்டர். நமக்குத்தான் ஒருத்தருமில்ல."

ஏழு நாள்

லுஹருக்கு முன் கதிர்க்கட்டைக் கடை மேசையில் போட்டேன். ஒருவரும் நம்பவில்லை. கந்தையாவின் மாடும் விழுந்ததைச் சொன்னேன். அதுதான் அவர்களைக் கொஞ்சம் இருத்தியது. மாட்டை அந்தப் புல்லிலிருந்து எடு, வைக்கோல் போடு, கத்தாதே, கல்லெறியாதே. ஏழு நாளில் நிமிராவிட்டால் கடதாசி தருகிறேன் என்றேன்.

நாலாம் நாள் ஒரு ஆமி ஹெலிகொப்டர் தாழப் பறந்தது. வெருண்டு மூன்று மாடு விழுந்தன. கடையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன்.

ஏழாம் நாள் மீராலெப்பை மாடுகளைக் கடைக்கு முன்னால் ஓட்டி வந்தான். நேராக நடந்தன. லுஹர் வரைக்கும் தவணை சொன்னவன் பீடி பற்றவைத்தான். மீராலெப்பை மாடுகளை ரோட்டோரம் விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்து ஒரு லொறிக்கு டயர் வெடித்தது. கடையில் இருந்த அத்தனை பேரும் மேசைக்குக் கீழே. நானும்தான். பக்கத்தில் கிடந்த மீராலெப்பை தலையை நீட்டி ரோட்டைப் பார்த்தான்.

"மாடு நிக்கிது, டொக்டர் காக்கா. நாமதான் விழுந்து கெடக்கம்."

ஏழு நாள் வைக்கோலில் குணமாகிற பயத்தை என் உத்தியோக காலத்தில் நான் மாட்டில் மட்டும்தான் கண்டேன்.