சலூன் வாசல் மூடி

நகரசபையில் பாதாளச் சாக்கடை மூடிகளுக்குப் பொறுப்பானவள் என்பதால், சொந்தப் பெயர் போய் மூடியம்மா என்றே அவள் பெயர் நிலைத்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. சாக்கடையம்மா என்று வைக்காமல் விட்டார்களே!

வேலையில் அவள் கெட்டி. வார்ப்பிரும்பு மூடியைச் சும்மா தூக்கி வைத்துவிட்டுப் போக மாட்டாள். பழைய சைக்கிள் டியூபைக் கத்தரித்து, விளிம்பைச் சுற்றி வைத்து, அதன் மேல்தான் மூடியை இறக்குவாள். லாரி ஏறினாலும் சத்தம் வராது. கொஞ்ச நாளாகத்தான் சில மூடிகள் டங் டங் என்று கத்தி, தெருவே அவளைத் திட்டித் தீர்த்தது. திறந்து பார்த்தால் ரப்பரைக் காணோம். மூடியும் திரும்பிக் கிடந்தது. திருடன் என்றால் மூடியையே கொண்டுபோயிருப்பான்; அவளும் இல்லாமல் யார் வந்து இப்படி அரைகுறையாக வேலை பார்ப்பது என்று அவளுக்கு மண்டை காய்ந்தது.

அவள் கணவனுக்குப் பழைய இரும்புக் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கல்யாணமான புதிதிலேயே இருவரும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்: அவளுடைய சாக்கடை பூட்ஸ் கடை வழியாக வரக்கூடாது, அவனுடைய துரு அடுப்படிக்குள் வரக்கூடாது. அதனால் அவள் பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் வருவாள், கடைக்குள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். மூடிகள் காணாமல் போகத் தொடங்கியதும் தெருமுனைச் சலூன்காரர் வாய் சும்மா இருக்கவில்லை.

"பொண்டாட்டி போடுறா, புருஷன் எடுக்குறான். நல்ல குடும்பம்!"

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்தபிறகு சாப்பாடு இறங்காது.

ஒருநாள் காலை, அதே சலூன் வாசலில் தபால்காரர் திறந்த குழிக்குள் கால் விட்டார். கணுக்கால் வீங்கி, ஒரு செருப்பும் போய்விட்டது. அவள் குழிமேல் பலகை போட்டுச் சிவப்புத் துணி கட்டிக்கொண்டிருந்தபோது நகரசபை என்ஜினியர் வந்து நின்றார்.

"நாளைக்கு எல்லாப் பழைய இரும்புக் கடையையும் சோதனை போடப்போறோம். நீங்களும் வரணும்மா. மூடியை அடையாளம் சொல்ல உங்களை விட்டா ஆள் கிடையாது."

"வர்றேன் சார்" என்றாள்.

அன்று சாயங்காலம் முதல்முறையாகக் கடை வழியாக வீட்டுக்குள் நுழைந்தாள், பூட்ஸோடு. தராசுக்குப் பின்னால் சாக்குகளை விலக்கினாள். கிடந்தது மூடி. ஓரத்தில் எலி கடித்த மாதிரி ஒரு மூளி. லாரியிலிருந்து இறக்கும்போது அவளே கீழே போட்டு உடைத்தது. சலூன் வாசல் மூடியேதான்.

"என்னங்க இது?"

"மூடி."

"அது எனக்குத் தெரியாதா? இங்க எப்படி வந்துச்சு?"

அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்தான். "ஒருத்தன் ராத்திரியில கொண்டுவந்து குடுப்பான். முதல்ல நான் வேண்டாம்னேன், பக்கத்துக் கடைக்குப் போயிட்டான். அங்க சம்மட்டியால உடைச்சு லாரியில ஏத்திட்டாங்க. அப்புறம் உனக்கு மூடி ஏது? அதான் நானே வாங்கி, விடியறதுக்குள்ள கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்துடுவேன். இன்னிக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு, போக முடியல."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"சலூன் வாசல்ல எத்தனை தடவை போட்டீங்க?"

"மூணு தடவை இருக்கும்."

"மூணுமே ஓரம் உடைஞ்சிருந்துச்சா?"

"ஆமா! படுபாவி கடப்பாரை போட்டு நெம்புறான்ல, அதுல உடையுதுன்னு நினைச்சேன்."

அவள் இரும்புக் குவியல் மேலேயே உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. அது முழுக்கச் சிரிப்பினால் வந்ததல்ல. "ஒரே மூடிங்க அது! நீங்க போடப் போட அவன் எடுத்து உங்ககிட்டயே வித்திருக்கான். இப்படி ஒரு வாடிக்கைக்காரர் கிடைச்சா அவன் வேற தொழிலுக்கா போவான்?"

அவன் அசடு வழிந்தான். பிறகு தபால்காரர் விழுந்த கதையைச் சொன்னாள். அவன் முகம் சுண்டிவிட்டது.

"நானே என்ஜினியர்கிட்ட சொல்லிடறேன். கடை போனாலும் பரவாயில்ல" என்றான்.

மறுநாள் காலை சொல்லியும் விட்டான். என்ஜினியர் காதில் விழுந்த எதையும் நம்பாமல், "வாங்கினதே தப்பு. அவன் வர்றானா பாக்கலாம்" என்று அன்று ராத்திரி வந்து கடை முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மூன்று சக்கர வண்டி ஒன்று வந்து நின்றது. வண்டியில் வேறொரு தெருவின் மூடி.

"அண்ணே, எடைக்கல்லை எடுங்க!" என்று உள்ளே வந்தவன், சீருடையில் நின்ற மூடியம்மாவைப் பார்த்தான், என்ஜினியரைப் பார்த்தான். "இன்னிக்குக் கடை லீவா அண்ணே?"

அவனைப் போலீஸ் கொண்டுபோனது. கணவனுக்கு என்ஜினியர் நல்ல டோஸ் விட்டார். கடைசியில், தபால்காரரின் மருத்துவச் செலவை ஏற்க வேண்டும், அரைகுறையாகப் போட்ட மூடிகளையெல்லாம் மனைவியோடு போய் ஒழுங்காகப் போட வேண்டும் என்று சொல்லி விட்டுவிட்டார்.

முதலில் சலூன் வாசல். அவள் டியூபைக் கத்தரித்து விளிம்பில் பதிக்க, அவன் முக்கி முனகி மூடியை இறக்கினான். தண்ணீர் லாரி ஒன்று அதன்மேல் ஏறிப் போனது. சத்தமே இல்லை.

சலூன்காரர் கத்தரிக்கோலோடு எட்டிப் பார்த்தார். "என்னக்கா, இப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே எடுக்குறீங்களா?"

மூடியம்மா நிமிர்ந்தாள். தெரு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"இந்தத் தெருவுல மூடி போடுறது எல்லாம் அவர்தான். நான் சும்மா ரப்பர் மட்டும்தான் வைக்கிறேன்."