உறுமிக்கு இங்கிலீஷில் பேர் இல்லை

என் மனைவி சாயங்காலம் ஏழு மணிக்கு மொட்டைமாடிக்குப் போய் போனில் பேச ஆரம்பித்தபோது முதலில் நான் ஒன்றும் நினைக்கவில்லை. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்த்தாள். இங்கிலீஷ் பேசினால் ஆர்டர் எடுக்கிற மேஜைக்கு மாற்றுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதற்காகப் போனிலேயே நடக்கும் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள். தினமும் கால் மணி நேரம், கொடுத்த தலைப்பில் பேச வேண்டும். அந்த மாதத் தலைப்பு, உங்களுக்குப் பிடித்த இசை.

இவ்வளவும் அவள் சொன்னதுதான். எதிர்முனையில் பேசுவது ஓர் ஆண் என்பதை மட்டும் சொல்லவில்லை. கொடியில் காய்ந்த மில் யூனிபாரத்தை எடுக்க நான் மாடி ஏறியபோது ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல் சிரித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் நான் ஃபிட்டர். என் மனைவிக்குப் பிடித்த பாட்டு எது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வீட்டில் பாட்டுப் போட்டால் சத்தத்தைக் குறைக்கத்தான் சொல்வாள். அப்படிப்பட்டவள் கால் மணி நேரம் என்று போய் முக்கால் மணி நேரம் இசையைப் பற்றி என்ன பேசுகிறாள்?

மாடிப்படியின் பாதியில் நின்று கேட்க ஆரம்பித்தேன். பேரிங், பெல்ட், பிரேக்டவுன் என்ற அளவில்தான் என் இங்கிலீஷ். அதனால் காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்வேன். மறுநாள் மில்லில் சாப்பாட்டு நேரத்தில் போனில் அர்த்தம் தேடுவேன். அதற்காகவே இங்கிலீஷ் சொல்லித்தரும் ஆப் ஒன்றையும் போட்டுக்கொண்டேன். முதல் வாரத்தில் கிடைத்தது, ‘வென் இட் கம்ஸ், ஐ ஃபர்கெட் மை ஹவுஸ்.’ அது வரும்போது வீட்டை மறந்துவிடுகிறேன். இட் என்றால் அஃறிணை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். ஆளுக்கும் அப்படிச் சொல்வார்களோ என்று இரண்டு நாள் தேடினேன். அடுத்து எழுதிய வரிக்குப் போன் தேவைப்படவில்லை. ‘மை ஹஸ்பண்ட் டஸ் நாட் நோ.’

அவன் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான் என்பதும் படிக்கட்டில் நின்று தெரிந்துகொண்டதுதான். ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்ப்பவரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினேன். அந்தப் பக்கம் இரண்டு ஜெராக்ஸ் கடைகள் இருந்தன. ஒன்று பூட்டியிருந்தது. மற்றதில் நின்றவன் வாயைத் திறந்ததுமே குரலைக் கண்டுகொண்டேன். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருப்பான். ஆதார் கார்டை நீட்டி ரெண்டு காப்பி கேட்டேன்.

கார்டைப் பார்த்துவிட்டு, “ராஜபாளையத்துல ஜெராக்ஸ் கடை இல்லியா அண்ணாச்சி?” என்றான்.

இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் என்றேன். என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டான். மில்லில் ஃபிட்டர் என்றேன்.

“எங்கூட இங்கிலீஷ் படிக்கிற அக்கா வீட்டுக்காரரும் ஃபிட்டர்தான். மெஷின் சத்தத்தைத் தவிர வேற எதுவும் அவிய காதுல ஏறாதுன்னு அக்கா சொல்லும்.”

அவர் எப்படிப்பட்ட ஆளாம் என்று கேட்டேன். நல்ல மனுசன்தானாம் என்றான். யாரோ திட்டியதுபோல இருந்தது. காப்பியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். துவைக்கப் போட்ட யூனிபாரம் தரையில் கிடந்தது. அதன் பையில் இருந்த நோட்டு அவள் கையில்.

“யாரு இவ?” என்றாள்.

“எவ?”

“மை ஹஸ்பண்ட் டஸ் நாட் நோன்னு உங்ககிட்டச் சொல்லியிருக்காளே, அவ. சாப்பாட்டு நேரமெல்லாம் போனும் கையுமா இருக்கீகன்னு உங்ககூட வேலை பாக்கறவரு பொண்டாட்டி சொன்னா. நான் நம்பல.”

அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பி உதடு அசைய வாசித்தாள். பாதியில் விரல் நின்றது.

“இது நான் சொன்னதுல்லா?” என்றாள்.

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. படிக்கட்டில் நின்றது, நோட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நோட்டை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். ஏழு மணிக்குப் போன் அடித்தது. எடுக்காமல் அடிக்க விட்டாள். அடித்து ஓய்ந்த பிறகுதான் சொன்னாள்.

அவளுக்குப் பிடித்தது நையாண்டி மேளம். அதிலும் உறுமி. வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து இழுக்கும்போது வருகிற அந்த முனகல். பதினாலு வயதில், சொந்த ஊரான கான்சாபுரத்தில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மேளம் வந்தபோது கூட்டத்துக்குள் இறங்கி ஆடிவிட்டாளாம். அவளுடைய அப்பா முடியைப் பிடித்து இழுத்து வந்தாராம். அன்றிலிருந்து மேளத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகிவிட்டாள். என்னோடு எத்தனை கொடைக்கு வந்திருக்கிறாள். நான் அதைப் பக்தி என்று நினைத்திருந்தேன்.

“இம்புட்டையும் அவன்கிட்டச் சொன்னியா?” என்று கேட்டேன்.

“தமிழ்ல சொல்ல எனக்கே வெக்கமா இருக்கு. இங்கிலீஷ்ல சொன்னா வேற யாரோ சொல்லுத மாதிரி இருக்கு. உறுமிக்கு இங்கிலீஷ்ல பேரே இல்ல. அவனும் தேடுனான், நானும் தேடுனேன். கடைசியில இட்டுன்னே வச்சுக்கிட்டோம்.”

பிறகு அவளே, “உங்க பேரு அவனுக்குத் தெரியும், நான் சொல்லியிருக்கேன். கார்டுல பாத்திருப்பான்” என்றாள். அப்படியானால் தெரிந்துதான் அண்ணாச்சி என்றானா, தெரிந்துதான் நல்ல மனுசன் என்றானா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவளிடம் அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லையாம். கேட்காமல் இருந்ததும் எனக்கு உறுத்துகிறது.

மறுநாளிலிருந்து முன்னறையில் உட்கார்ந்தே பேசினாள். அவள் பேசும் வேகத்தில் எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதிப் பாதிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். வகுப்பு முடிந்து, ஆர்டர் மேஜைக்கும் மாறிவிட்டாள். ஒருநாள் சாப்பிடும்போது, எனக்குப் பிடித்த இசை எது என்று இங்கிலீஷில் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை என்று தமிழில் சொன்னேன்.

“பொய்” என்றாள். தட்டில் சோறு வைத்துக்கொண்டே, நானும் ஓர் உறுமியை ஒளித்து வைத்திருப்பதுபோல என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.